நாலு இலை விடும்வரை சொல்லாதே

1

இந்தக் கதை எனக்கு ஓர் அதட்டலில் கிடைத்தது.

காட்டுப் பாதையில் நடந்து கால் கடுத்துப்போயிருந்தது. ஓரமாக ஒரு கட்டை கிடந்தது. விழுந்து பல வருஷம் ஆகியிருக்கும். மேலே ஜமக்காளம் விரித்ததுபோலப் பச்சைப் பாசி. 'வாம்மா, வந்து உட்காரு' என்று அது கூப்பிடாத குறைதான். பையை இறக்கி வைத்து, முட்டியைப் பிடித்துக்கொண்டு, பாதி உட்கார்ந்தும்விட்டேன். மீதிப் பாதிக்குள் பின்னாலிருந்து ஒரு குரல்.

"எந்திரிங்க! எந்திரிங்க! பிள்ளைங்க மேல உக்காராதீங்க!"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எந்தப் பிள்ளைகள்? காக்கிச் சட்டையும் ரப்பர் பூட்ஸுமாக ஒரு பெண் ஓடி வந்தார். கழுத்தில் பூதக்கண்ணாடி ஆடிக்கொண்டிருந்தது. என்னை நகர்த்திவிட்டுப் பாசியின் மேல் முகத்தைக் கவிழ்த்துப் பார்த்தார். பிறகு மூச்சு விட்டு, என்னையும் குனியச் சொன்னார். பாசிக்குள்ளே கடுகளவு இலைகள்.

"இதுங்களா பிள்ளைங்க?"

"ஆமா. ஒரு அணில் ஓடுனாலே தாங்காது. நீங்க உக்காந்தா..." என்று இழுத்து, மரியாதை கருதி நிறுத்திக்கொண்டார். (நான் கொஞ்சம் பூசினாற்போல இருப்பேன். கதைக்கு இது தேவையில்லை, நியாயத்துக்குத் தேவை.)

நாலடி தள்ளி, பாதைக்குக் குறுக்கே இன்னொரு பெரிய மரம் விழுந்து கிடந்தது. அதன் முதுகெல்லாம் பாசி. நடுவில் மட்டும், ஓர் ஆள் ஏறித் தாண்டும் அகலத்துக்கு, வழித்தெடுத்த மாதிரி மொட்டை. 'அது ஏன் அப்படி இருக்கு?' என்று கேட்டேன்.

"எங்க வீட்டுக்காரர் தேச்சுட்டாரு," என்றார். "எனக்காக."

சொல்லும்போது சிரித்தார். 'உதடு சிரித்தது, கண் சிரிக்கவில்லை' என்று எழுதக் கை துறுதுறுக்கிறது. ஆனால் நான் அவர் கண்ணைப் பார்க்கவில்லை, மொட்டைக் கட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் அவர் இடுப்பிலிருந்த வாக்கி டாக்கி கரகரத்தது. போய்விட்டார்.

அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த சரக்கு. இனி வருவதெல்லாம் கைச்சரக்கு.

2

எப்படித் தொடங்குவது என்று மூன்று தடவை முட்டிக்கொண்டேன். மறைப்பானேன், இதோ:

முதல் தொடக்கம். *அந்தப் பெருமரம் சாய்ந்த அன்று காடே கண்ணீர்* [காடு கண்ணீர் விடாது. ஒரு மரம் விழுந்தால் மேலே ஓட்டை விழும், ஓட்டை வழியாக வெயில் விழும். வருஷக்கணக்காக இருட்டில் காத்துக் கிடந்த செடிகளுக்கு அது கல்யாண வீடு. அழுவது எழுத்தாளர்கள் மட்டுமே. அடித்துவிட்டேன்.]

இரண்டாம் தொடக்கம். *மரம் செத்த பிறகுதான் அதன் உண்மையான வாழ்க்கை ஆரம்பமாகிறது.* [தினசரிக் காலண்டர் தாளில் அச்சடிக்கலாம். அடித்துவிட்டேன்.]

மூன்றாம் தொடக்கம். *வாள்காரர் விடியுமுன் எழுந்து, மனைவி தூங்குகிறாளா என்று பார்த்துவிட்டு, பட்டைக் கத்தியையும் கம்பி பிரஷ்ஷையும் துணியில் சுற்றிப் பைக்குள்* [இது பரவாயில்லை. ஆனால் படிப்பவர்கள் ஏதோ கொலை விழப்போகிறது என்று நினைத்துக்கொள்வார்கள். வாள்காரர் என்று நான் பெயர் வைத்த அந்த வீட்டுக்காரர் பையில் இருந்தது கத்தி, மனசில் இருந்தது பிரியம். நாலாம் பகுதிக்கு ஒத்திவைக்கிறேன்.]

ஆகவே கட்டையிலிருந்தே தொடங்குகிறேன். (இந்த இடத்தில்தான் அக்கா கொட்டாவி விட்டாள். அக்கா என்பவள் என் கூடப்பிறந்த அக்கா, தையல்காரி. நான் எழுதுவதை முதலில் படிப்பவள் அவள்தான். குண்டூசியைப் பல்லில் கடித்துக்கொண்டே படிப்பாள். அதனால் அவள் விமர்சனமும் பல்லிடுக்கு வழியாகத்தான் வரும்.)

விதை விழுந்து முளைக்கக் காட்டுத் தரையைவிட நல்ல இடம் உண்டா என்று நினைப்போம். பெரிய விதைக்குச் சரி. அதற்குள் மூட்டை முடிச்செல்லாம் இருக்கும், சருகைப் பிளந்துகொண்டு வந்துவிடும். பொடி விதை என்ன செய்யும்? சருகு விழுந்து மூடிவிடும். பெரணிச் செடிகள் குடை பிடித்து வெளிச்சத்தை மறித்துவிடும். இரண்டுக்கும் தப்பினால், மண்ணிலிருக்கும் பூஞ்சை முளையின் கழுத்தை அழுகவைத்துவிடும். இந்தப் பொடிசுகளுக்குக் காட்டில் ஒரே நல்ல வீடு, விழுந்து கிடக்கும் மரத்தின் முதுகு. தரைக்கு மேலே இடுப்பளவு உயரம், சருகு தங்காமல் வழுக்கி விழும். உள்ளே காளான்கள் கட்டையைப் பஞ்சாக்கி வைத்திருக்கும், அந்தப் பஞ்சு மழையைக் குடித்து வைத்துக்கொண்டு வெயில் நாளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கும். மேலே பாசி, விதை வழுக்காமல் பிடித்துக்கொள்ள. விழுந்த மரமே திறந்துவிட்ட ஓட்டை வழியாக வெளிச்சம். வாடகை கிடையாது.

ஆகையால், சுத்தமாக இருக்கட்டும் என்று விழுந்ததையெல்லாம் அறுத்து எடுத்துவிட்ட காட்டில் மரம் இருக்கும், வகை இருக்காது. பெரிய விதைக்காரர்கள் மட்டும் வாழ்வார்கள். பொடி விதைக்காரர்கள் சத்தமில்லாமல் போய்ச் சேர்ந்துவிடுவார்கள்.*

(* காட்டில் நாலைந்து மரங்கள் யாரோ நட்டதுபோல ஒரே வரிசையில் நிற்கும். வேர்கள் கால் அகட்டிக்கொண்டு, நடுவில் வெற்றிடமாக இருக்கும். யாரும் நடவில்லை. அந்த வெற்றிடத்தில் ஒரு காலத்தில் ஒரு கட்டை படுத்திருந்தது. பிள்ளைகள் அதன் மேல் வளர்ந்து, இரண்டு பக்கமும் காலை ஊன்றி மண்ணைத் தொட்டன. கட்டை கரைந்து போயிற்று, வரிசை மட்டும் நிற்கிறது. இந்த அடிக்குறிப்பைக் கதைக்குள் எங்கே செருகுவது என்று தெரியவில்லை, விடவும் மனசில்லை.)

3

அந்தப் பெண் நேரில் பார்த்தபோது 'அவர்'. கதைக்குள் கூட்டி வந்ததும் 'அவள்' ஆகிவிட்டாள். மரியாதை குறையவில்லை, பக்கத்தில் வந்துவிட்டாள், அவ்வளவுதான். பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை என்பதால் நானே ஒரு பட்டப்பெயர் வைத்தேன்: நாலிலை.

நாலிலைக்குக் காட்டோரத்து ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. விழுந்த மரங்களைச் சுற்றி வந்து, அவற்றின் மேல் என்னென்ன முளைக்கிறது என்று கணக்கெடுக்க வேண்டும். ஒவ்வொரு முளைக்கும் பக்கத்தில் ஒரு குச்சி நட்டு, நம்பர் அடித்த சின்ன அலுமினியத் தகடு கட்டுவாள். முளைத்த கையோடு கட்டமாட்டாள். நாலு இலை விட வேண்டும். முதலில் வருகிற இரண்டு இலை விதைக்குள்ளேயே மடித்து வைத்திருந்தது, தாய் மரம் கட்டிக்கொடுத்து அனுப்பியது. கட்டிக்கொடுத்த சோறும் சொல்லிக்கொடுத்த வார்த்தையும் எத்தனை நாளைக்கு? அது தீர்ந்த பிறகு, தானே வெளிச்சத்தைத் தின்று தானே விடுகிற இலைதான் கணக்கு. அதற்குள் முக்கால்வாசி முளை போய்விடும். போகிறதற்கெல்லாம் தகடு கட்டினால் காட்டில் தகடுதான் மிஞ்சும்.

நிலையத்தில் எல்லோருக்கும் இதே விதிதான். மற்றவர்கள் அதைத் தகட்டோடு நிறுத்திக்கொண்டார்கள். நாலிலை இன்னொரு படி ஏறினாள். நாலு இலை விடும்வரை வாயாலும் சொல்லமாட்டாள். புது முளை கண்ணில் பட்டால், பார்க்காதவள்போல முகத்தை வைத்துக்கொண்டு நடந்துவிடுவாள். கண் பட்டுவிடும் என்றெல்லாம் அவளுக்கு நம்பிக்கை கிடையாது. [பிறகு ஏன்? இதை எழுதியபோது எனக்கும் தெரியாது. ஐந்தாம் பகுதிவரை பொறுத்துக்கொள்ளுங்கள்.]

நிலையத்துக்கு மேலே மேட்டில் ஒரு கிழட்டு மரம், தலையில் இடி வாங்கியது. அந்த வகையில் அந்தப் பக்கத்தில் அது ஒன்றுதான் மிச்சம். வருஷா வருஷம் பூக்கும், காய்க்கும், மூக்குப்பொடி மாதிரி விதையைக் காற்றில் தூவும். அதன் கன்று என்று ஒன்றை நிலையத்தில் ஒருவரும் பார்த்ததில்லை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நாலிலை தேடினாள். பள்ளத்தில் தேடினாள், ஓடைக் கரையில் தேடினாள், காட்டின் கோடியில் கிடந்த கட்டைகளிலெல்லாம் கவிழ்ந்து தேடினாள். கடைசியில், தினமும் தாண்டிப் போகிற கட்டையில் இருந்தது. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை.

அதுதான் பாதைக்குக் குறுக்கே கிடந்த மரம். பாதையைத் துப்புரவாக வைத்திருக்கும் குழுவுக்குத் தலைவர் வாள்காரர், அவள் கணவர். மரம் விழுந்த அன்றே மெஷின் வாளோடு வந்து நின்றார். அவள்தான் மேலதிகாரியம்மாவிடம் மல்லுக்கட்டி, அறுக்க விடாமல் செய்தாள். "நடக்கறவங்க ஏறித் தாண்டட்டும்மா, கால் இருக்குல்ல?" வாள்காரர் மெஷினை நிறுத்தி வாளைத் தோளில் போட்டுக்கொண்டு போனார். அன்றிலிருந்து அது அவர் வாயில் 'உன் கட்டை'. சாப்பிட உட்கார்ந்தால் "உன் கட்டை சௌக்கியமா?" என்று கேட்பார்.

ஒரு காலை நேரம் அவள் அந்தக் கட்டையில் கை ஊன்றினாள். விரலுக்குப் பக்கத்தில் சிவப்பாக ஏதோ. பூதக்கண்ணாடியை வைத்தாள். விதையிலை இரண்டுக்கும் நடுவே சிவந்த நுனி, ஓரத்தில் ரம்பப் பல். மேட்டு மரத்தின் இலையைக் கடுகளவுக்குச் சுருக்கி வைத்த மாதிரி. ஒன்று இல்லை, ஒரு கைப்பிடி அளவுக்கு இருந்தது. அவள் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று [என்ன ஒன்று? சந்தோஷம்தான். சந்தோஷம் என்றே எழுதுகிறேன்.] அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். பாதை நடுவில் மண்டியிட்டபடியே இருந்தாள்.

அன்று மத்தியானம் அவர் கேட்டார், "உன் கட்டை சௌக்கியமா?"

"சௌக்கியம்," என்றாள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. நாலு இலை விடட்டும்.

4

போன மழைக்காலத்தில் அவள் அந்தக் கட்டையிலிருந்து வழுக்கி விழுந்தாள். இதை முன்னாடியே சொல்லியிருக்க வேண்டும், மறந்துவிட்டேன். மணிக்கட்டு முறிந்தது. அவளைத் தூக்கிக்கொண்டு நிலையம்வரை ஓடி வந்தவர் வாள்காரர். கட்டுப் பிரிக்கும்வரை அவர்தான் அவளுக்குத் தலை சீவிவிட்டார். மரத்தை நூல் பிடித்தாற்போல அறுக்கிற கைக்கு வகிடு மட்டும் நேராக வரவில்லை. வாய்க்கால் மாதிரி வளைந்து வளைந்து போனது. அவள் அதைக் கலைக்காமல் அப்படியே வேலைக்குப் போனாள்.

இப்போது அடுத்த மழை நெருங்குகிறது. வாள்காரருக்குப் பயம். கட்டையை அறுக்க முடியாது, அது அவள் கட்டை. அவளைப் போகாதே என்று சொல்ல முடியாது, அது அவள் வேலை. அறுக்கத்தான் கூடாது என்றார்கள், தேய்க்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே? விடியுமுன் எழுந்து, மனைவி தூங்குகிறாளா என்று பார்த்துவிட்டு, பெயிண்ட் சுரண்டும் பட்டைக் கத்தியையும் கம்பி பிரஷ்ஷையும் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினார். (பார்த்தீர்களா, கொலை இல்லை.)

அவள் வேலைக்கு வந்தபோது பாதை முனையிலேயே நின்றிருந்தார்.

"கண்ணை மூடிக்கோ."

"எதுக்கு?"

"மூடிக்கோன்னா மூடிக்கோயேன். கையைக் குடு. பார்த்து, வேர் இருக்கு."

கையைப் பிடித்து நடத்திக் கூட்டிப்போனார். நின்றார். "ம், இப்பத் திற."

அவள் திறந்தாள்.

"ஒரு பொட்டுப் பாசி இல்ல பாரு," என்றார். "தடவிப் பாரேன், சொரசொரன்னு இருக்கும். நீ இனிமே விழணும்னாலும் விழ முடியாது."

அவள் தடவிப் பார்த்தாள். சொரசொர என்றுதான் இருந்தது.

"தகடு கிகடு இருக்கான்னு நல்லாப் பாத்தேம்மா. ஒண்ணுமே இல்ல. அப்புறம்தான் கையே வெச்சேன்." பிரஷ் பிடித்த விரல்கள் சிவந்து கன்றியிருந்தன. முகமெல்லாம் பல். "எப்படி?"

"நல்லா இருக்கு," என்றாள் நாலிலை.

அவர் முழங்கையைப் பிடித்துக்கொள்ள, அவள் அந்தக் கட்டையில் ஏறி அந்தப் பக்கம் இறங்கினாள். வழுக்கவே இல்லை. அன்று முழுக்க அவள் எந்த முளையையும் எண்ணவில்லை. சாயங்காலம் வீட்டில் பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்தது, பார்த்துக்கொண்டே நின்றாள். உள்ளே அவர் ஏதோ பாட்டை விசிலடித்துக்கொண்டிருந்தார்.

5

இதுவரை எழுதியதை அக்காவிடம் கொடுத்தேன். படித்து முடித்து, வாயிலிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஊசிமெத்தையில் குத்தினாள். நல்ல சகுனம் இல்லை.

"ஏண்டி, அவ ஏன் முன்னாடியே அவர்கிட்ட சொல்லல? சொல்லிருந்தா அவர் தேச்சிருப்பாரா?"

"அது அவங்க ஆபீஸ் விதிக்கா. நாலு இலை..."

"ஆபீஸ் விதி ஆபீஸுக்கு. ஒரே வீட்ல இருக்காங்க, வகிடு எடுத்துவிடறாரு, அவர்கிட்ட சொல்றதுக்கு என்னடி? உன் கதைல இங்கதான் தையல் விட்டுருக்கு."

 கதையை அப்படியே கிடப்பில் போட்டேன். பிறகு ஒருநாள் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தபோது, யாரும் கேட்காமல் நாலிலையே என் மனசுக்குள் வந்து சொன்னாள். நான் இதை எழுத விரும்பவில்லை. ஆனாலும் இதுதான் காரணம்.

முதல் தடவை நாள் தள்ளிப்போனபோது, வாள்காரருக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாளே தெருவில் ஒவ்வொரு வீடாக ஏறிச் சொல்லிவிட்டார். அது தங்கவில்லை. சொன்ன வாயாலேயே இல்லை என்றும் சொல்ல வேண்டியதாயிற்று. யாரும் அவளிடம் வந்து கேட்டு நோகடித்துவிடக் கூடாது என்று, அவரே மறுபடி ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கினார். அவள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வாசலிலும் அவர் தலை குனிந்ததைப் பார்த்தாள். அந்த ஊர்வலத்தை அவர் இன்னொரு தடவை போகக் கூடாது என்று அன்று முடிவு செய்தாள்.

இரண்டாவது தடவை அவள் அவரிடமே சொல்லவில்லை. தானாக வந்தது, தானாகப் போனது. வயிற்றுவலி என்று ஒருநாள் லீவு போட்டாள். அவர் வெந்நீர் வைத்துக் கொடுத்தார். அவருக்கு இன்றுவரை தெரியாது.

உறவுக்காரர் வீட்டு விருந்து ஒன்றில் அவருடைய அத்தை, அவள் காதில் விழட்டும் என்றே, "பட்ட மரம் என்னைக்குத் தளிர்க்கப்போவுது," என்றார். நியாயப்படி நாலிலைக்கு அழுகை வந்திருக்க வேண்டும். அவளுக்குச் சிரிப்பு வந்தது. பட்ட மரத்தில் எத்தனை குடித்தனம் என்று அத்தைக்கு யார் போய்ச் சொல்வது? பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவியது வாள்காரர்தான்.  வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது, "அவங்களுக்கு மரத்தப் பத்தியும் தெரியாது, உன்னப் பத்தியும் தெரியாது," என்று மட்டும் சொன்னார்.

[வாசகரே, இங்கே நீங்கள் ஒரு கணக்குப் போட்டுக்கொள்வீர்கள்: கட்டை என்றால் அவள், முளை என்றால் குழந்தை. நான் இந்தக் கணக்குப் போடவில்லை, தயவுசெய்து நீங்களும் போடாதீர்கள். கட்டை கட்டைதான், அவள் அவள்தான். 'என்னையப் போய்க் கட்டைங்கறீங்களா?' என்று நாலிலை சண்டைக்கு வருவாள். கதையெழுத வந்த நானும் அத்தையும் ஒன்றாகிவிடக் கூடாது.]

6

முடிவுக்கு வந்தாக வேண்டும். மூன்று எழுதிப் பார்த்தேன்.

(அ) அவள் சொல்லிவிடுகிறாள். அவர் தலையிலடித்துக்கொண்டு, அந்த பிரஷ்ஷை ஓடையில் [முடியவில்லை. அந்த மனிதரை இப்படி அடிக்க எனக்கு மனசு வரவில்லை.]

(ஆ) அவள் சொல்லவேயில்லை. காலம் முழுக்க அவர் கையைப் பிடித்துக்கொண்டு அந்த மொட்டைக் கட்டையைத் தாண்டுகிறாள். அவள் மௌனம்தான் அவள் அன்பு. [இதுதான் இலக்கியம் மாதிரி இருந்தது. எனக்கு ரொம்பவே பிடித்துப்போனது, அதனால் சந்தேகம் வந்து அக்காவிடம் காட்டினேன். "பாசி திரும்ப வளருமா வளராதா?" என்றாள். "வளரும்." "அப்ப அவர் வருஷா வருஷம் தேச்சுக்கிட்டேல்ல இருப்பாரு? இவ பெரிய அன்பக் காட்டிட்டு நிப்பா, அங்க மேட்டு மரத்துக்கு வம்சமே இருக்காது." மௌனம் அதோடு செத்தது.]

(இ) மழை பெய்ததும் மொட்டைக் கட்டையில் மறுநாளே [சிறுவர் மலருக்கு அனுப்பலாம்.]

ஆகவே கதாபாத்திரங்களையே விட்டுப் பிடித்தேன்.

அடுத்த விடுமுறை நாள் காலை. வாள்காரர் கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து, மடியில் வாளை வைத்துக்கொண்டு, அரத்தால் அதன் பல்லைத் தீட்டிக்கொண்டிருந்தார். அவள் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"மழை விட்டதும் உன் கட்டையை இன்னொரு தடவ தேச்சுடணும்," என்றார். "வருஷத்துக்கு ஒரு தடவ தேச்சாப் போதும்."

"வேண்டாங்க."

"எனக்கொண்ணும் சிரமமில்லம்மா."

"அதுக்கில்ல." ஈரத் துணியைப் பிழிந்தாள். பிழிந்ததையே மறுபடி பிழிந்தாள். "அந்தப் பாசியில முளை இருந்துச்சு."

அரம் நின்றது. "எந்த முளை?"

"மேட்டுல இடி விழுந்த மரம் நிக்குதே. அதோட பிள்ளைங்க."

வாள்காரர் கையைப் பார்த்துக்கொண்டார். அந்த மரத்தின் கன்றுக்காக அவள் எத்தனை காலம் அலைந்தாள் என்று அவரைவிட யாருக்குத் தெரியும்? பூட்ஸைக் கழற்றிச் சேற்றைக் கழுவிவிட்டதே அவர்தான்.

"தகடு இல்லையே," என்றார். குரல் கீழே போயிருந்தது.

"நான்தான் கட்டல. நாலு இலை விடலன்னு."

"என்கிட்டச் சொல்லிருக்கலாமேம்மா."

"சொல்லிருக்கலாம்." துணியைக் கொடியில் போட்டாள். அதன் பின்னால் அவள் முகம் மறைந்தது. "உங்ககிட்டச் சொல்லாம விட்டது அது மட்டுமில்லங்க."

இந்த இடத்தில் நான் எழுந்து வெளியே போய்விடுகிறேன். அவள் சொன்னது என்னவென்று உங்களுக்குத் தெரியும். அதைச் சொல்லும்போது பக்கத்தில் நின்று குறிப்பெடுக்க நான் ஆளில்லை.

திரும்பி வந்தபோது வாள் தரையில் கிடந்தது. கொடியில் இருந்த துணியில் பாதி உலர்ந்திருந்தது. இரண்டு பேரும் துவைக்கிற கல்லில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். முன்பு முறிந்த அவள் மணிக்கட்டு அவர் கைக்குள் இருந்தது. இரண்டு பேர் கண்ணும் சிவந்திருந்தது, நான் இந்தத் தடவை பார்த்தேன்.

"அந்த வெந்நீர் வெச்ச அன்னைக்கா?" என்றார்.

"ஆமா."

"தெருவுக்குச் சொல்லிருக்க மாட்டேன். என்கிட்ட மட்டும் சொல்லிருந்தா, நாம ரெண்டு பேராவது இருந்திருப்போம்ல."

அவள் தலையாட்டினாள்.  பிறகு அவர் ஏதோ நினைவு வந்தவர்போல நிமிர்ந்தார்.

"நான் அதைத் தூக்கிப் போடல."

"எதை?"

"பாசியைத்தான். முதல்ல பட்டைக் கத்தியை அடியில விட்டுப் பெயர்த்தேன், பாய் மாதிரி முழுசா வந்துச்சு. அப்புறம் மிச்சத்தத்தான் பிரஷ் போட்டுத் தேச்சேன். அவ்ளோ பச்சையா இருந்துச்சும்மா, கீழ போட மனசு வரல. சுருட்டிட்டுப் போய், பாதை ஓரமா ஒரு பழைய கட்டை கிடக்குதே, அது மேல விரிச்சு, தண்ணி தெளிச்சுட்டு வந்தேன்."

அவள் எழுந்துவிட்டாள். பூதக்கண்ணாடியை எடுக்க உள்ளே ஓடினாள். வாசலில் நின்று திரும்பினாள்.

"இருக்கோ இல்லையோ தெரியாதுங்க. வேர் அறுந்திருக்கலாம். வெயில்ல போயிருக்கலாம்."

"தெரியாமலே போவோம்," என்றார். "ரெண்டு பேருமே போய்ப் பார்ப்போம்."

செருப்பைப் போட்டுக்கொண்டு, கொல்லைக் கதவைச் சாத்தாமலே, அவர்கள் காட்டுப் பக்கம் நடந்தார்கள். நான் பின்னால் போகவில்லை. அங்கே என்ன இருந்தது என்று என்னால் இஷ்டத்துக்கு எழுத முடியும். இருந்தது என்றால் அதிர்ஷ்டம், இல்லை என்றால் சோகம். இரண்டில் எதை எழுதினாலும் அது என் கை வேலையாகத்தான் இருக்கும்.

7

இங்கேயே முடித்து, அக்காவிடம் கடைசியாக ஒருமுறை கொடுத்தேன். முதல் பக்கத்திலிருந்து படித்தாள். கடைசிக்கு வந்தவள், பக்கத்தைத் திருப்பி மறுபடி முதல் பக்கத்துக்கே போனாள். ஊசியை வாயிலிருந்து எடுத்தாள்.

"ஏண்டி, நீ உக்காரப் போன கட்டை பாதை ஓரமாத்தானே கிடந்துச்சு?"

"ஆமா."

"அதுல பாசி ஜமக்காளம் விரிச்ச மாதிரி இருந்துச்சுன்னு எழுதிருக்க."

"ஒரு உவமைக்கா."

"உவமை கிடக்கட்டும். ஓரம் எப்படி இருந்துச்சு?"

"என்ன ஓரம்?"

"தானா வளந்த பாசிக்கு ஓரம் இருக்காதுடி. மெல்ல மெல்லக் கரைஞ்சு போய்த்தான் முடியும். பெயர்த்து வெச்சதுக்குத்தான் ஓரம் இருக்கும், ஒட்டுப் போட்ட துணி மாதிரி. நீ குனிஞ்சுதானே பாத்த? ஓரம் இருந்துச்சா?"

முதல் பக்கத்தை அவள் கையிலிருந்து வாங்கிப் பார்த்தேன். பாசியைப் பெயர்த்துச் சுருட்டி எடுத்துப் போனது நான் கட்டிய கதை. அந்தப் பெண் என்னிடம் சொன்னதெல்லாம் தேய்த்தார் என்பதும் எனக்காக என்பதும்தான். ஆனால் அவர் ஓடி வந்து என்னை எழுப்பியது உண்மை. பாசியில் முகத்தைக் கவிழ்த்து, பிறகு மூச்சு விட்டது உண்மை. 'பிள்ளைங்க' என்று அவர் சொன்னது உண்மை. யாருடைய பிள்ளைகள் என்று நான் கேட்கவில்லை. தகடு கட்டியிருந்ததா என்று பார்க்கவில்லை. இலை எத்தனை என்று எண்ணவில்லை. ஜமக்காளம் என்பதுகூட அப்போதே தோன்றியதா, பிறகு கதைக்காக நானே விரித்ததா என்று இப்போது சத்தியம் செய்ய முடியாது.

"போய்ப் பாத்துட்டு வாயேன்," என்றாள் அக்கா.

போகலாம். ஆனால் நான் போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதினால், நீங்கள் அதைக் கதை என்றுதான் சொல்வீர்கள். நீங்கள் போங்கள். எந்தக் காடாக இருந்தாலும் சரி, விழுந்து கிடக்கிற ஏதாவது ஒரு மரத்துக்குப் போங்கள். கால் எவ்வளவு வலித்தாலும் உட்காராதீர்கள். முட்டியை ஊன்றி, குனிந்து, முதலில் பாசியின் ஓரத்தைப் பாருங்கள், பிறகு இலைகளை எண்ணுங்கள்.

நாலு இலை விட்டிருந்தால், உங்களுக்கு வேண்டியவர் ஒருவரிடம் போய்ச் சொல்லுங்கள். விடாவிட்டாலும் சொல்லுங்கள்.